கிட்னி மாத்துனவங்க ரிப்போர்ட்டுல கிரியேட்டினினுக்கு மேல என்ன பார்க்கோணும்

ரிப்போர்ட் வந்ததும் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த நம்பர்) மட்டும் பார்த்துட்டு மடிச்சு வெச்சர்றாங்க நெறய பேரு, அது பத்தாதுங்க. அந்த நம்பர் ஏறும்போது புதுக் கிட்னி மேல ஒடம்போட தாக்குதல் (ரிஜெக்ஷன்) ஆரம்பிச்சு சில நாள் ஆயிருக்கலாம்.

புதுக் கிட்னி நம்முளது இல்லைன்னு ஒடம்பு கண்டுபிடிக்கிறதே முக்கியமா அந்த செல்லு மேல இருக்கற எச்எல்ஏ புரோட்டீனை வெச்சுத்தான். கண்டுக்கிட்டா டி செல்லுங்கற வெள்ளணுக உள்ள பூந்து இன்டர்பெரான் காமாங்கற சிக்னல் புரோட்டீனை விடும், உடனே கிட்னியில சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10னு ரெண்டு புரோட்டீன் உண்டாகி இன்னும் நாலு வெள்ளணுவ கூப்பிட்டு விடும், அதுக யூரின்லயும் எறங்கும். கிரியேட்டினினுக்கு முந்தியே ஏறும்ங்கறதால ஆராய்ச்சில இதுக்கு நல்ல மதிப்பு. ஆனா யூரின் இன்பெக்ஷன், கிட்னியைத் தாக்கற பிகே வைரஸ் இருந்தாலும் ஏறும், அதனால இதை மட்டும் நம்பி முடிவு பண்ண முடியாது, கிட்னியில துளி சதை எடுத்துப் பார்க்கற பயாப்ஸிதான் கடைசி சொல்லு. பயாப்ஸி ரிப்போர்ட்டுல சி4டி (ஆன்டிபாடி தாக்குனதுக்கான தடயம்) பாசிட்டிவ்னு இருந்தா ஆன்டிபாடி வேலை நடக்குதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, டிஎஸ்ஏ (குடுத்தவங்க கிட்னிக்கு எதிரா உண்டாகற ஆன்டிபாடி) ப்ளட் டெஸ்ட்டும் கூடவே பார்ப்பாங்க.

நம்ம கையில இருக்கறது டாக்ரோலிமஸ் லெவல், அதாவது ரிஜெக்ஷனைத் தடுக்கற அந்த மாத்திரை ரத்தத்துல எவ்வளவு இருக்குங்கறது. ரெண்டு வேளை மாத்திரைன்னா, ராத்திரி 8 மணிக்குப் போட்டா வெடியால 8 மணிக்கு ரத்தம் குடுக்கோணும், அதுவரைக்கும் வெடியால மாத்திரை போடக்கூடாது. கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோயமுத்தூருக்கு முதல் பஸ் ஏறி வர்றவங்க பழக்கதோசத்துல வீட்லயே முழுங்கிட்டு வந்தர்றாங்க, அப்பறம் லெவல் எச்சா காட்டும், டோஸைக் கொறைச்சுட்டா வம்புதானுங்க. மாத்திரையப் பையில போட்டுட்டு வாங்க, ரத்தம் குடுத்ததும் முழுங்குங்க. யூரின் புரோட்டீனுக்கு வெடியால மொத யூரினே நல்லது, காய்ச்சல் அன்னைக்கு வேண்டாம்.

யூரின் கொறைஞ்சாலோ, கால் வீங்குனாலோ, திடீர்னு எடை ஏறுனாலோ, மாத்துன எடத்துல வலிச்சாலோ அன்னைக்கே போன் போடுங்க. ஒரு அறிகுறியும் இல்லாமலும் ரிஜெக்ஷன் வரும், அதனாலதான் டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் கூடாதுங்கறது.

ஒறம்பரை சொல்ற கசாயம், பம்ளிமாஸ் ரெண்டும் தொடாதீங்க. சளிக்குன்னு கிளாரித்ரோமைசின் வாங்கிப் போட்டா டாக்ரோலிமஸ் லெவல் எகிறும், டிபிக்கு ரிபாம்பிசின் ஆரம்பிச்சா அடியோட எறங்கிரும், ரிஜெக்ஷனுக்கு அதுவே வழி. மெடிக்கல்ல வேற கம்பெனி டாக்ரோலிமஸ் எடுத்துக் குடுத்தா டாக்டர்கிட்ட சொல்லாம மாத்தாதீங்க, மாத்துனா லெவல் மறுக்கா பார்க்கோணும்.