படகில் ட்ரை ஐஸ்: முதன்முறை எடுத்துப் போகிறவர்களுக்கு

முகத்துவாரத்தில் இருந்து ஒருநாள் தூண்டில் போடக் கிளம்புகிறவர்களுக்கு ட்ரை ஐஸ் வசதிதான், தண்ணீர் விடாது, மீனும் கல்லாக உறையும். ஆனால் அது உறைந்த காபனீரொட்சைட்டு. உருகாமல் நேரே வாயுவாகிவிடும், ஒரு கிலோவுக்குச் சுமார் 540 லீற்றர். குளிரில் கை சுடுவதை விட இந்த வாயுதான் ஆளைக் கொல்வது.

ஆபத்து காரிலேயே தொடங்குகிறது. கொழும்பு காலி வீதி நெரிசலில் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். யன்னல் திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது பெட்டி. ரெஜிபோம் பெட்டி போதும், மூடியை மட்டும் டேப் சுற்றி இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். போத்தல், ஃபிளாஸ்க் என்று திருகி மூடும் எதிலும் போடவே கூடாது, வெடிக்கும். குளிர் மைனஸ் 78 பாகை, ஆகவே தடித்த கையுறை. மெல்லிய றப்பர் கையுறை உதவாது.

சரி, எங்கே வைப்பது? மேல்தட்டில், திறந்த காற்றில், நிழலில். கபினுக்குள் வேண்டாம். இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரமுள்ள கபினில் 6000 லீற்றர் காற்றுத்தான் இருக்கும். காற்றோட்டம் இல்லாமல் ஒரு கிலோ கரைந்தால் 9 வீதம் காபனீரொட்சைட்டு, நினைவு தப்ப அது போதும். வாயு காற்றை விட ஒன்றரை மடங்கு பாரம் என்பதால் தரையிலும் எஞ்சின் அடியிலும் போய்த் தேங்கும், மேலே ஒரு மூடியைத் திறந்து வைத்தால் போய்விடாது. மணமும் இல்லை. படகில் காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அது வேறு வாயு, இதற்குக் கத்தாது.

தலைவலி, மூச்சு வாங்குதல், தூக்கக் கலக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். கடலில் இது வந்தால் யாரும் அலையைத்தான் குறை சொல்வார்கள், கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று கீழே இறங்கிப் போய்த் தரையில் சாய்வார்கள், அதாவது வாயு தேங்கிய இடத்திலேயே. தலை சுற்றினால் மேலே வாருங்கள்.

உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் பின்னால் குதிக்காதீர்கள், அடுத்த ஆளும் விழுவார். எல்லாக் கதவுகளையும் திறந்து, உதவிக்கு அழையுங்கள். கரையில் என்றால் 1990 அம்புலன்ஸ்.

மிஞ்சியதை சிங்க்கில் கொட்டினால் குழாய் வெடிக்கலாம். மேல்தட்டிலேயே, பெட்டி மூடியைத் திறந்து விட்டுத் தானாகக் கரைய விடுங்கள். பிள்ளைகள் புகையைப் பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோவார்கள், அதையும் கவனியுங்கள்.