கெளுத்தி மீனில் ஒட்டுண்ணி பார்ப்பது எப்படி

மீன் ஒட்டுண்ணிகளைப் படிக்க வருகிறவர்களின் கையில் நான் முதலில் கொடுப்பது கெளுத்தியைத்தான். செதில் இல்லாத உடம்பு. ஓடையின் அடித்தரையில் வாசம். புழு, பூச்சி, நத்தை, குஞ்சு மீன் என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும் வயிறு. ஓடையில் வாழும் மற்ற உயிர்களோடு இவ்வளவு நெருங்கிப் பழகும் மீனில் ஒட்டுண்ணிக்குக் குறைவிருக்காது. தாமிரபரணியின் துணையாறுகளான கடனாநதி, மணிமுத்தாறு போன்றவற்றிலும், ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய்களிலும் கிடைக்கும் சிறு கெளுத்திகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கும் முறை இதுவேதான்.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அங்கே ஒரு மீனைக்கூடத் தொடக் கூடாது. மலையோடைகளில் மார்பில் ஒட்டுறுப்போடு பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் கிளிப்டோதோராக்ஸ் கெளுத்திகள் உண்டு. அவற்றில் சில இனங்கள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. பயிற்சிக்காக அவற்றைக் கொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சமவெளியில் வீச்சு வலை போடுகிறவர்களிடம் சாதாரணக் கெளுத்தியை உயிரோடு விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வலை வீசினார்கள், தண்ணீர் ஓடியதா தேங்கி நின்றதா, கரையில் நாணல் இருந்ததா என்பதையெல்லாம் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உயிரோடு என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். மீன் செத்த சில மணி நேரத்திலேயே செவுளில் இருக்கும் நுண்ணிய புழுக்கள் கழன்றுவிடும், அல்லது சளியோடு அழுகி உருத்தெரியாமல் போகும். குடலில் இருந்த புழு குடலைத் துளைத்து வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். அப்புறம் நீங்கள் எழுதும் 'கிடைத்த இடம்' என்பதற்குப் பொருளே இல்லை. ஐஸில் வைத்த மீனும், முழுசாக ஃபார்மலினில் போட்ட மீனும் இந்த வேலைக்கு உதவாது. பிடித்த ஓடைத் தண்ணீரிலேயே கொண்டுவாருங்கள். ஒரு வாளியில் ஒரே இன மீன் மட்டும் இருக்கட்டும். கெளுத்தியையும், அதன் உறவான தேளி மீனையும் கலந்து போட்டால் மீன் பேன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். மீனை எடுத்த பிறகு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடாமல் மெல்லிய துணியில் வடிகட்டிப் பாருங்கள். வழியில் உதிர்ந்த பேன்கள் அதில் தங்கியிருக்கும்.

இனி முள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று என மூன்று முட்கள். மிரண்டால் மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது. தேளியின் முள்ளில் நஞ்சு கடுமை. குத்திவிட்டால் கையைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வையுங்கள், வலி தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஈரத்துணியால் தலையை மூடி, பக்க முட்களுக்குப் பின்னால் பிடித்துப் பழகினால் இந்தத் தொல்லை வராது. மீனைத் துடிக்கவிட்டுக் கொல்லாதீர்கள். கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, அசைவு நின்றதும் தலைக்குப் பின்னால் தண்டுவடத்தை வெட்டிவிடுங்கள்.

மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கத்தரி, கூர்முனை இடுக்கி இரண்டு, ஊசி, பெட்ரித் தட்டுகள், ஸ்லைடு, கவர்சிலிப், ஒரு நுண்ணோக்கி. ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 7 கிராம் தூய சோடியம் குளோரைடு கரைத்த உப்புக் கரைசலும் வேண்டும். வெறும் தண்ணீரில் போட்டால் உள்ளுறுப்புப் புழுக்கள் நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும்.

மீனின் நீளம், எடை எழுதியதும் தோலைப் பாருங்கள். துடுப்போரத்தில் தட்டையாக, கண்ணாடிபோல் தெளிவாக ஊர்வது ஆர்குலஸ், அதாவது மீன் பேன். தோலில் தலையைப் புதைத்துக்கொண்டு நூலாகத் தொங்குவது நங்கூரப் புழு, லெர்னியா. இரண்டுமே புழு அல்ல, இறால் குலத்தைச் சேர்ந்தவை. நங்கூரப் புழுவைப் பிடுங்காதீர்கள். தலை உள்ளேயே அறுந்துவிடும், அடையாளம் காண உதவுவதே அந்தத் தலைதான். சுற்றியுள்ள சதையோடு வெட்டி எடுத்து, ஊசியால் மெல்லப் பிரியுங்கள். பிறகு சளியை வழித்து ஒரு ஸ்லைடில் வையுங்கள். வட்டமாகச் சுழல்வது டிரைகோடைனா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மெதுவாகப் புரளும் உருண்டைக்குள் குதிரை லாட வடிவில் உட்கரு தெரிந்தால், அது வெண்புள்ளி நோயைத் தரும் இக்தியோப்தீரியஸ்.

செவுளுக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். என் மாணவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான், இழப்பதும் இங்கேதான். செவுள் மூடியை வெட்டி நீக்கிவிட்டு, ஒரு பக்கத்துக்கு நான்கு என, இழைகளைத் தாங்கும் செவுள் வில்களை ஒவ்வொன்றாக அறுத்துத் தனித்தனித் தட்டில் போடுங்கள். இடமா வலமா, எத்தனையாவது வில் என்று தட்டிலேயே குறித்துவிடுங்கள். சில இனங்கள் குறிப்பிட்ட வில்லையே விரும்பித் தங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் அந்தச் செய்தி தொலைந்துபோகும்.

தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஊசியால் செவுள் இழைகளைச் சீப்பு இழுப்பதுபோல் விலக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் வெறும் சிவப்பு மட்டும் தெரியும். கையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். இரண்டு இழைகளுக்கு நடுவே நிறமற்ற ஒன்று நீண்டு, தயங்கி, சுருங்கும். அதன் ஒரு முனை இழையில் பதிந்தே இருக்கும். மறுமுனை மட்டும் எட்டி எட்டித் துழாவும். முன்முனையில் நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை கண்புள்ளிகள். பின்முனையின் ஒட்டுத்தட்டில் கொக்கிகள் மின்னும். இது ஒற்றை ஓம்புயிரி தட்டைப்புழு, மோனோஜீனியா; அதாவது ஒரே உயிரில் ஒட்டி வாழ்வது. இன்னொரு மீனைத் தேட நத்தை, பூச்சி என்று எந்த இடைத்தரகரும் இதற்குத் தேவையில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளரி (லார்வா) நேரே மீனைத் தேடி நீந்திப்போகும்.

இவற்றின் இனத்தைச் சொல்வது அந்தக் கொக்கிகள்தான். நாட்டுக் கெளுத்திகளின் செவுளில் கார்னுடிஸ்காய்டிஸ், பைஃபர்கோஹாப்டர் ஆகிய பேரினங்களை எதிர்பார்க்கலாம். கெளுத்தியின் உறவான ஆற்று வாளையின் செவுளில் தாபரோகிளைடஸ் இருக்கும். எஸ்.எல்.ஜெயின் 1952இல் விவரித்த பேரினம் அது. லக்னோவில் ஒட்டுண்ணியியலை வளர்த்த ஜி.எஸ்.தாபரின் பெயர் அதில் நிற்கிறது. கெளுத்திச் செவுளில் இருக்கும் இந்தப் புழுக்களின் வகைப்பாட்டில் நம் நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பு பெரிது. மாணவர்கள் அதை அறிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. கொக்கிகள் தெளிவாகத் தெரிய, புழுவை ஒரு துளி நீரில் ஸ்லைடில் வைத்துக் கவர்சிலிப் போட்டு, வடிதாளால் ஓரத்திலிருந்து நீரை மெல்ல மெல்ல உறிஞ்சுங்கள். கண்ணாடியின் அழுத்தத்தில் புழு தட்டையாகும்போது, அம்மோனியம் பிக்ரேட் கலந்த கிளிசரினை மறு ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். மால்ம்பெர்க் 1957இல் தந்த இந்த முறை இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது.

செவுளில் வெள்ளையாக, கசகசா அளவில் அசையாத முடிச்சு இருந்தால் அது புழுவல்ல, வித்துகளை உண்டாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணியான மிக்சோசோவாவின் கூடு. ஊசியால் குத்தி ஒரு சொட்டில் கரைத்து, எண்ணெய் அமிழ்ப்பு லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு வித்துக்குள்ளும் இரண்டு துருவ உறைகள் பக்கம் பக்கமாக இருக்கும். பின்னால் இரண்டு வால்கள் நீண்டிருந்தால் ஹென்னகுயா, வாலே இல்லாவிட்டால் பெரும்பாலும் மிக்சோபோலஸ். வித்துகளை உயிரோடு இருக்கும்போதே அளந்து படமெடுத்துவிடுங்கள். ஃபார்மலினில் அவை சுருங்கும்.

வயிற்றைக் கிழிக்கும்போது கத்தரியின் முனை மேல்நோக்கி இருக்கட்டும்; குடல் அறுபட்டால் எல்லாம் கலந்துவிடும். உறுப்புகளைப் பிரிக்கும் முன் அப்படியே ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். குடல்தாங்கியில் இரத்தச் சிவப்பாகச் சுருண்டு கிடப்பது யூஸ்ட்ராங்கிலைடிஸ் இளரியாக இருக்கலாம். அதன் முதிர்ந்த வடிவம் நீர்க்காகம், நாரை போன்ற பறவைகளின் வயிற்றில் வாழ்வது. காற்றுப்பையைத் தனியாகத் திறந்து பாருங்கள். வாளையில் அதற்குள் ஐசோபரார்க்கிஸ் என்ற பெரிய தட்டைப்புழு இருக்கும். நுண்ணோக்கியே வேண்டாம், கண்ணுக்கே தெரியும். பித்தப்பையின் நீரை ஒரு சொட்டு ஸ்லைடில் வைக்க மறக்காதீர்கள்.

குடலைக் குறுக்கே மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித் தட்டில் உப்புக் கரைசலில் நீளவாக்கில் திறந்து வையுங்கள். செந்நிறமாக நெளியும் உருளைப்புழுவின் வாயில் பழுப்பு நிறக் கிண்ணம் தெரிந்தால் புரோகமல்லானஸ். அது குடற்சுவரில் கடித்து இரத்தம் குடிப்பது; சைக்ளாப்ஸ் வகை நுண்ணிறால்களைத் தின்றதால் மீனுக்குள் வந்தது. கணுக்களே இல்லாத நாடாப்புழு கிடைத்தால் வியக்க வேண்டாம். கேரியோஃபில்லிடியா வரிசை அப்படித்தான். சேற்றுப் புழுக்களின் வழியாக மீனை அடைகிறது. தலையைக் குடற்சுவருக்குள் குத்திப் பதிந்திருப்பது முள்தலைப் புழு. அதை இழுக்காதீர்கள். அந்தக் குடல் துண்டோடு வெறும் தண்ணீரில் போட்டு இரவு முழுதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மற்றப் புழுக்களுக்குக் கேடு செய்யும் அதே வெறும் தண்ணீர், இதற்கு மட்டும் நன்மை செய்கிறது. உடல் விம்மி, உள்ளிழுத்த முள்தலை முழுதாக வெளியே வந்துவிடும். முட்களின் வரிசையை எண்ணாமல் இதற்குப் பெயர் வைக்க முடியாது.

தசையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் நசுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மஞ்சள் கட்டி கிளினோஸ்டோமம்; நத்தையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கொக்கு, நாரையின் தொண்டைக்கும் போகிற தட்டைப்புழு.

பதப்படுத்துவதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. தட்டைப்புழுவும் நாடாப்புழுவும் சூடான 4 விழுக்காட்டு ஃபார்மலினில் நீட்டியபடி சாகும். பிறகு அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றலாம். உருளைப்புழுவைச் சூடான 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் போட்டால் சுருளாமல் நேராகும். சாயம் வேண்டாம், கிளிசரினில் தெளிய வைத்தால் போதும். மரபணு ஆய்வுக்கு ஒரு சிலவற்றை 95 விழுக்காட்டு ஆல்கஹாலில் தனியே எடுத்து வையுங்கள். ஃபார்மலின் பட்டது அதற்கு ஆகாது. சூடாக்கும்போது ஆல்கஹாலை நேரடி நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடேற்றுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும்.

ஒட்டுண்ணி இல்லாத மீனையும் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். 20 மீன் பார்த்து, 8 மீனில் மொத்தம் 40 புழு இருந்தால், பரவல் 40 விழுக்காடு. தொற்றிய மீன் ஒன்றுக்குச் சராசரி 5 புழு. பார்த்த எல்லா மீனுக்குமாகச் சராசரி 2. வெறும் மீன்களை விட்டுவிட்டால் இந்த மூன்றில் இரண்டு பொய்யாகிவிடும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, கெளுத்தியைச் சாப்பிடலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். நன்றாகக் கொதித்து வெந்த குழம்பில் இவை எதுவும் உயிரோடு இருக்காது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்னும்போதுதான் ஆபத்து. நாத்தோஸ்டோமா போன்ற புழுவின் இளரி மனிதத் தோலுக்கடியில் அலைவது அப்படித்தான். மீன் வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் அதிலேயே காய்கறி நறுக்காதீர்கள். குடலைப் பூனைக்கோ நாய்க்கோ பச்சையாகப் போடாதீர்கள். நாத்தோஸ்டோமா முதிர்ச்சி அடைவது அவற்றின் வயிற்றில்தான்.

குறிப்பேட்டில் கிளினோஸ்டோமம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய்க் கரையோர நத்தைகளைப் பொறுக்கி வாருங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில், குளோரின் இல்லாத தண்ணீரில் விட்டு, காலை வெளிச்சத்தில் வையுங்கள். கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால், நத்தையிலிருந்து வெளிவந்த தட்டைப்புழு இளரிகள் நீரில் வெண்தூசுகளாகத் துள்ளுவது தெரியும். கிளினோஸ்டோமத்தின் இளரிக்கு வால் பிளந்திருக்கும்; அப்படி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். பிளந்திருந்தால் எந்த நத்தையிலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டு, நத்தையையும் தனிக் குப்பியில் பாதுகாத்து வையுங்கள்.