பியானோவுக்குத் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவயதில் சில ஆண்டுகள் பியானோ கற்று, இடையில் விட்டுவிட்டு, நடுவயதில் மறுபடி அதன் முன் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அன்று நன்றாக வாசித்த ஒன்றை எடுக்கிறார்கள். முதல் சில வரிகள் விரலில் தானாக வருகின்றன. மனம் துள்ளுகிறது. பிறகு ஓரிடத்தில் கை நின்றுவிடுகிறது. முதலிலிருந்து தொடங்கினால் அதே இடத்தில் மறுபடி நிற்கிறது. வேகமாக ஓட்டிப் பார்த்தாலும் தாண்ட முடிவதில்லை. சில வாரங்களில் "வயசாகிவிட்டது, இனி வராது" என்று மூடியைச் சாத்திவிடுகிறார்கள்.

இதில் வயதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையாக இருந்தபோது நூறு முறை திரும்பத் திரும்ப வாசித்துத்தான் கற்றோம். ஏன் இந்தச் சுரம், ஏன் இந்த விரல் என்று கேட்கும் வயதில்லை அது. இப்போது கேட்க முடியும். ஒரு பாட்டு எந்தெந்த வடிவங்களால் ஆனது என்று பார்க்கும் கண் பெரியவர்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமல், பழைய குழந்தையின் வழியிலேயே போக முயல்வதிலிருந்துதான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன.

விரல் நினைவைத் துரத்துவது

விரலில் தங்கிய நினைவு ஒரு சங்கிலி. ஒவ்வொரு அசைவும் அடுத்த அசைவை இழுத்துவருகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்துவிட்டால் அதற்கு அப்பால் நுழைய வழியே கிடையாது. அதனால்தான் எல்லோரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்; தொடங்க வேறு இடம் அவர்களுக்குத் தெரியாது.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக நினைக்கும் ஒன்றை நடுவிலிருந்து, ஒரே ஒரு கையால் வாசித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியாது, உங்கள் விரலுக்கு மட்டுமே தெரியும். அதை மீட்பதற்கு மல்லுக்கட்டுவதைவிட, புதிய பாட்டைப் போல முதலிலிருந்து பிரித்துப் பார்ப்பது வேகமான வழி. இடக்கை என்ன கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) வாசிக்கிறது, அது எப்போது மாறுகிறது, வலக்கை மெட்டில் எந்தத் துணுக்கு மறுபடி வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைத்தால், நடுவில் நுழைய நாலைந்து வாசல்களாவது கிடைத்துவிடும்.

வடிவம் தெரிந்தால் நினைவு ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த சதுரங்க நிலையை ஆட்டக்காரர்களுக்கு ஐந்து விநாடி காட்டி, அதை வேறு பலகையில் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தவர் மற்றவர்களைவிட மிக அதிகக் காய்களைச் சரியாக வைத்தார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது அந்த முன்னிலை ஏறத்தாழ மறைந்துபோனது. அவர் நினைவில் வைத்திருந்தது தனித்தனிக் காய்களை அல்ல, பழகிய அமைப்புகளை. நொட்டேஷன் (இசைக்குறிப்பு) பக்கத்தைப் பார்த்தவுடன் வாசிக்கிறவர்களின் கண்ணிலும் நடப்பது இதுவே.

ஒவ்வொரு சுரமாக எண்ணிப் படிப்பது

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரிலூடை, அதாவது சி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஒரு சிறு முன்னிசையை, எடுத்துக்கொள்வோம். 1722-இல் அவர் தொகுத்த தொகுப்பின் முதல் உருப்படி. திரும்பி வருகிறவர்கள் பலர் முதலில் விரும்பி எடுப்பதும் இதுவே. மொத்தம் 35 பார் (தாள அளவில் பிரித்த கட்டங்கள்). முதல் 32 பாரில் ஒவ்வொன்றிலும் 16 சுரங்கள். சுரம் சுரமாகப் படித்தால் 512 தனித்தனித் தகவல்கள்!

ஆனால் ஒரு பாரை உற்றுப் பாருங்கள். இடக்கையில் இரண்டு சுரம், வலக்கையில் மூன்று சுரம், அந்த மூன்றும் இன்னொரு முறை. எட்டு சுரம் கொண்ட இந்த அசைவு அதே பாரில் அப்படியே மறுபடி வருகிறது. ஆக, ஒரு பாருக்கு ஐந்தே சுரங்கள். அந்த ஐந்தும் சேர்ந்து ஒரு கார்ட். 512 தகவல்கள் 32 கார்டாகச் சுருங்கிவிட்டன. இன்னும் பார்த்தால், 24-ஆம் பாரிலிருந்து எட்டு பாருக்கு அடிச்சுரம் ஜி-யை விட்டு நகர்வதில்லை. 32-ஆம் பாரில் சி-க்கு வந்து, முடியும்வரை அங்கேயே நிற்கிறது. கடைசிப் பக்கத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

எனவே இதைப் பழகும் முறையும் மாற வேண்டும். முதல் சில நாட்கள் சுரங்களைப் பிரித்து வாசிக்கவே வேண்டாம். ஐந்து சுரங்களையும் ஒன்றாக அழுத்தி, கேட்டு, அடுத்த கார்டுக்கு நகருங்கள். முதல் பாரில் சி-இ-ஜி-சி-இ. இரண்டாவதில் சி-டி-ஏ-டி-எஃப்: அடிச்சுரம் அசையவில்லை, மற்ற நான்கும் பக்கத்துக் கட்டைக்குத்தான் போயிருக்கின்றன. மூன்றாவதில் பி-டி-ஜி-டி-எஃப்: இப்போது டி, டி, எஃப் அப்படியே இருக்க, மற்ற இரண்டும் ஒரு படி இறங்குகின்றன. நான்காவதில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம். வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒரு சுற்று சுற்றி, வாசலுக்கு வந்து நின்ற உணர்வு இந்த நான்கு பாரில் காதுக்குக் கிடைக்கிறது. அதைக் கேட்ட பிறகு சுரங்களைப் பிரித்து வாசித்தால் விரல் தேடி அலையாது.

நொட்டேஷன் வாசிப்பதற்கும் இதே பார்வைதான் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருக்காமல், முந்தைய புள்ளியிலிருந்து எத்தனை படி ஏறியது, இறங்கியது என்று பாருங்கள். அடுத்தடுத்த மூன்று கோடுகளிலோ மூன்று இடைவெளிகளிலோ புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், அது அடிப்படை நிலையில் உள்ள, அதாவது பெயர் தரும் சுரம் கீழே உள்ள, ஒரு கார்ட். கீழே உள்ள ஒன்றைப் படித்தால் போதும்.

சி மேஜரிலேயே குடியிருப்பது

இது சற்று விரிவாகப் பேச வேண்டியது, ஏனென்றால் வடிவங்களைக் கற்க வந்தவர்களே இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சி மேஜர் எளிது என்பது கண்ணுக்கு மட்டும் உண்மை. எல்லாம் வெள்ளைக் கட்டை. எந்தச் சுரத்துக்கும் தனி அடையாளம் இல்லை. கைக்கு அது வசதியான ஸ்கேலும் (சுர வரிசையும்) இல்லை. இசையமைப்பாளர் ஷோபின் தம் மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது பி மேஜர் ஸ்கேலை. அதில் ஐந்து கருப்புக் கட்டைகள். நீண்ட விரல்கள் கருப்பின் மேல் இயல்பாகப் படிய, குட்டையான கட்டைவிரல் வெள்ளைக்கு வருகிறது. எழுத்தில் பயமுறுத்தும் ஸ்கேல் கையில் சுகமாக உட்காருகிறது.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. சி-யில் மட்டும் வாசிக்கிறவருக்கு வடிவம் எது, கட்டை எது என்று பிரித்துப் பார்க்கவே வாய்ப்பு வராது. மேஜர் ஸ்கேல் என்பது ஒரு இடைவெளி வரிசை: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. அரை என்றால் கருப்போ வெள்ளையோ, ஒட்டிய அடுத்த கட்டை. சங்கராபரணம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏழு சுரங்களும் ஏற்கெனவே காதில் இருக்கின்றன. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் பிழை வந்தால் காதே காட்டிக்கொடுக்கும். அது பெரிய சொத்து. பலர் அதைப் பியானோவுக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவைத்துவிடுவது வருத்தமாக இருக்கிறது.

மேஜர் ஸ்கேலின் ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒரு கார்ட் கட்டலாம். சுரங்களை வரிசை எண்ணால் குறித்து, கார்டின் வகையைச் சொன்னால், 1, 4, 5 மேஜர்; 2, 3, 6 மைனர்; 7 மட்டும் டிமினிஷ்டு. எந்த மேஜர் ஸ்கேலானாலும் இது மாறாது. எண்ணற்ற பாடல்களில் வரும் 1-5-6-4 வரிசையை சி-யில் வாசித்தால் சி, ஜி, ஏ மைனர், எஃப். ஜி-யில் ஜி, டி, இ மைனர், சி. டி-யில் டி, ஏ, பி மைனர், ஜி. மூன்று ஸ்கேலிலும் வாசித்த பிறகுதான் "ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்குப் போவது" என்ற உணர்வு காதில் பதியும். அதுவரை அது வெறும் கட்டைகளின் இடம்.

பன்னிரண்டு ஸ்கேலையும் உடனே கற்கத் தேவையில்லை. விரல் வைப்பிலும் வடிவம் இருக்கிறது. சி, ஜி, டி, ஏ, இ ஆகிய ஐந்து மேஜர் ஸ்கேலுக்கும் வலக்கையில் ஒரே முறை (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5): 1-2-3, பிறகு 1-2-3-4-5. ஃபிளாட் (அரைப்படி இறக்கிய சுரம்) கொண்ட மேஜர் ஸ்கேல்களில், வலக்கையின் நான்காம் விரல் பி ஃபிளாட்டில் விழும் என்று நினைவில் வைத்தால் மற்றவை தாமாக அமையும். இந்த இரண்டு விதிகளும், சிறுவயதில் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த விரல் எண்களில் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்கிவிடுகின்றன.

கார்டுக்குக் கார்ட் கையைத் தூக்கி எறிவது

கார்ட் என்றால் அதற்குப் பெயர் தரும் சுரம் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டால், சி-யிலிருந்து எஃப்-க்கும், எஃப்-இலிருந்து ஜி-க்கும் கை தாவிக்கொண்டே இருக்கும். இசையும் துண்டு துண்டாகக் கேட்கும். சி-இ-ஜி வாசித்துவிட்டு எஃப் கார்டை சி-எஃப்-ஏ என்று பிடியுங்கள். சி நகரவில்லை, மற்ற இரண்டும் பக்கத்தில்தான் போகின்றன. மறுபடி சி-க்கு வந்து, ஜி கார்டை பி-டி-ஜி என்று பிடியுங்கள். இப்போது ஜி நகரவில்லை. எந்த விரல் நிற்கிறது என்று முதலில் பார்ப்பது நல்ல பழக்கம். இப்படி நெருங்கிய வழியில் கார்டுகளை இணைக்கத் தெரிந்தவர், கையைப் பார்க்காமலே வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

படித்தே தீர்த்துவிடுவது

கோட்பாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் பெரியவர்களை இழுத்துவிடும். ஐந்துகளின் வட்டத்தை (ஸ்கேல்களை ஐந்து சுர இடைவெளியில் அடுக்கிய படத்தை) வரைந்து சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஆனால் அதில் உள்ள எந்த இரண்டு ஸ்கேலையும் அடுத்தடுத்து வாசித்துக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று புரிந்ததை இன்றே கட்டையில் வைத்துக் கேளுங்கள். முடிந்தால் அடிச்சுரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். காதுக்கு வராத பெயர் வாசிப்பில் உதவாது.

புரிந்த வேகத்தில் வாசிக்க முயல்வது

மூளைக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் பெரியவர்கள் தம்மீதே கோபப்படுகிறார்கள். தயவுசெய்து அந்தக் கோபத்தோடு வேகத்தைக் கூட்டாதீர்கள். தவறின்றி வாசிக்க முடிகிற வேகம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதுதான் இன்றைய வேகம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) அங்கே வையுங்கள். தினம் இருபது நிமிடம் உட்காருவது, வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அதிகம் தரும். தோள் காதை நோக்கி உயர்ந்திருக்கிறதா, மணிக்கட்டு இறுகியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வலி வந்தால் அன்று நிறுத்திவிட வேண்டும். நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வலியோடு பழகினால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை.

வடிவத்தைக் கண்டதும் பார்ப்பதை நிறுத்துவது

வடிவங்கள் பழகிய பிறகு வரும் தவறு இது. "இது 1-4-5 தானே" என்று மனம் முடிவுகட்டிவிட்டால், கண் பக்கத்தை வாசிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்குகிறது. இசையமைப்பாளர் வேண்டுமென்றே மாற்றிய இடங்களை அப்படியே மிதித்துக்கொண்டு போய்விடுவோம். மேலே சொன்ன பிரிலூடிலேயே, 32 பார் வரை மாறாத அசைவு 33-இல் உடைகிறது. அதுவரை கேட்ட காதுக்கு அந்த இடம் ஒரு பெருமூச்சைப் போல இருக்கும். விரல் பழைய அசைவிலேயே ஓடினால் அது கிடைக்காது.

மொஸார்ட் 1788-இல் எழுதிய சி மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட படைப்பு; அவர் படைப்புகளின் பட்டியலில் கே. 545) இதற்கு இன்னும் நல்ல பயிற்சி. முதல் பகுதி சி-யில் தொடங்குகிறது. இடக்கை சி-ஜி-இ-ஜி என்று கார்டைப் பிரித்து ஊசலாட, மேலே மெட்டு. பிற்பாதியில் அந்த மெட்டு திரும்பி வரும்போது, அந்தக் கால வழக்கப்படி சி-யிலேயே வர வேண்டும். மொஸார்ட் எஃப்-இல் கொண்டுவருகிறார். இடக்கை எஃப்-சி-ஏ-சி ஆகிறது. இரண்டாவது பாரில் பி ஃபிளாட் எட்டிப்பார்க்கிறது. அடுத்து வரும் ஸ்கேல் ஓட்டமும் முதல் தடவையைவிட நீள்கிறது, ஏனென்றால் அங்கிருந்து சி-க்கு வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.

எண்களாகக் கற்றவருக்கு எஃப்-இல் வரும் மெட்டு புதிதாகக் கற்க வேண்டியது அல்ல. அதே 1-3-5 வேறு கட்டையில் தொடங்குகிறது, அவ்வளவே. அவர் பென்சிலால் வட்டமிட வேண்டியது ஸ்கேல் ஓட்டம் பழைய பாதையிலிருந்து விலகும் பாரை. நாளைய பயிற்சியை அந்தப் பாரிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.