புது நாற்காலி வாங்கியும் பிடரி வலிக்கிறதா?

கூன் போடக் கூடாது, கட்டிலில் படுத்தபடி வேலை பார்க்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த கதை. சரியாக உட்கார வேண்டும் என்று அக்கறையோடு இறங்குகிறவர்கள் செய்கிற தவறுகள்தான் இங்கே.

மேசையை அளக்காமல் நாற்காலி வாங்குவது

பணம் போயும் வலி போகாமல் இருப்பது இதில்தான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதில்தான்.

எழுதும் மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 செ.மீ. உயரம். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால், அவர் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். நடுவே கிட்டத்தட்ட அரைச் சாண் குறைகிறது. அந்தக் குறையைத் தோள்தான் ஈடுகட்டுகிறது. கீபோர்டை எட்ட இரண்டு தோளும் மேலே ஏறும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை நாள் முழுக்க இறுகிக் கிடக்கும். சாயங்காலம் பிடரி கனக்கும், தலை வலிக்கும். பழி நாற்காலி மேல் விழும். இன்னும் விலை கூடியதாக ஒன்று வரும். மேசை மட்டும் அப்படியே நிற்கும்.

அடுத்தது கைப்பிடி. அது மேசை விளிம்பில் முட்டினால் நாற்காலி உள்ளே போகாது. ஆள் சீட்டின் நுனிக்கு நகர்ந்து வந்து டைப் அடிப்பார். முதுகுச் சாய்வு, இடுப்புத் தாங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தாயிற்று. முதுகு எதையும் தொடவே இல்லை!

வரிசை இதுதான். சீட்டின் கடைசி வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, மேற்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். அது கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை சீட்டை ஏற்றுங்கள். இப்போது பாதம் அந்தரத்தில் தொங்கும். அதைப் பார்த்துத்தான் பலர் சீட்டை மறுபடி இறக்கிவிடுகிறார்கள். சீட்டை இறக்காதீர்கள், காலுக்கு அடியில் உயரம் கொடுங்கள். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு சுமார் 5 செ.மீ. தடிமன், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்துப் பாருங்கள். உயரம் பிடிபட்டதும் மரப்பலகைக்கு மாறிக்கொள்ளலாம்.

பிறகு முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் சீட்டின் ஆழம் உங்களுக்கு அதிகம். விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். கைப்பிடி கடைசியில்: மேசைக்கு அடியில் போகுமளவு இறக்குங்கள். இறங்காத ரகம் என்றால் கழற்றிவிடுங்கள்.

90 டிகிரி விறைப்பு

முதுகை நிமிர்த்தி விறைப்பாக உட்கார்ந்தால் அரை மணியில் தசை சோர்ந்து, பழையபடி சரிந்துவிடும். சாய்வை 100 முதல் 110 டிகிரிக்குத் தளர்த்துங்கள். 1970களில் ஸ்வீடனில் முதுகெலும்பு வட்டுக்குள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்) ஊசி செலுத்தி அளந்தபோது, சாய்வு பின்னுக்குப் போகப் போக வட்டின் அழுத்தம் குறைவதைக் கண்டார்கள்.

இடுப்புத் தாங்கல் இல்லாதவர்கள் துண்டைச் சுருட்டி பெல்ட்டுக்குச் சற்று மேலே வைக்கலாம். ஆளையே முன்னால் தள்ளுகிற தடிமன் வேண்டாம்.

லேப்டாப்பை உயர்த்தி அதிலேயே டைப் அடிப்பது

கழுத்து பிழைக்கும், தோள் மாட்டிக்கொள்ளும். உயர்த்தினால் தனிக் கீபோர்டும் மவுஸும் கட்டாயம். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். பைஃபோக்கல் கண்ணாடி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே படிக்க மோவாயைத் தூக்குவார்கள். திரையை இன்னும் இறக்க வேண்டும்.

பின் பாக்கெட்டில் பர்ஸ்

எடுத்து மேசையில் வையுங்கள்.

வலித்த பிறகு எழுவது

வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்குச் சத்து. அதற்கு அசைவு வேண்டும். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். கைகளை இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னால் ஐந்து முறை வளையுங்கள். வளையும்போது வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். பாதத்தில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ, நாற்காலியைத் திருகிக்கொண்டு நிற்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.