ட்ராகோவை நம்பி மாஸ்கோவை எழுதாதீர்கள்

அமெரிக்க விளையாட்டுப் படங்களில் வரும் சோவியத் வீரனுக்குச் சிரிக்கத் தெரியாது. 1985இல் வந்த குத்துச்சண்டைப் படமான 'ராக்கி 4'இல் ராக்கியோடு மோதும் இவான் ட்ராகோ இதற்கு உச்சம். படமாக ரசிப்பதில் தப்பில்லை. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கிருந்தே தகவலை எடுப்பதுதான் வம்பு.

ட்ராகோ ராணுவ கேப்டன். படத்துக்கு அது வெறும் சீருடை. உண்மையில் சோவியத் விளையாட்டின் சூட்சுமமே அந்தப் பதவியில்தான் இருந்தது. அதிகாரபூர்வமாக அங்கே தொழில்முறை வீரர் என்று ஒருவரும் இல்லை; எல்லோரும் அமெச்சூர், அதாவது காசுக்காக ஆடாதவர்கள். சிஎஸ்கேஏ கிளப்பில் ஆடினால் காகிதத்தில் ராணுவ அதிகாரி. டைனமோ என்றால் உள்துறை, பாதுகாப்புத் துறை ஆள். சம்பளம் அந்தக் கணக்கில் வரும், நாள் முழுக்க வேலை பயிற்சிக்கூடத்தில். தொழில்முறைக் குத்துச்சண்டையே 1980களின் இறுதி வரை கிடையாது.

அதே பதவிதான் கைவிலங்காகவும் இருந்தது. ஐஸ் ஹாக்கி வீரர் வியாச்செஸ்லாவ் ஃபெடிசோவ் அமெரிக்காவில் ஆட விரும்பியபோது, ராணுவத்திலிருந்து விடுவிக்காமல் இழுத்தடித்தார்கள். பயிற்சியாளர் விக்டர் டிகோனோவிடம் நேருக்கு நேர் மோதி, 1989இல்தான் அவரால் போக முடிந்தது. டிகோனோவின் வீரர்கள் ஆண்டின் பெரும்பகுதியை முகாமிலேயே கழித்தார்கள். மனைவி, பிள்ளைகள் வீட்டில். ஊசியும் கம்ப்யூட்டரும் காட்டிப் பயமுறுத்தும் படங்களுக்கு இந்தச் சாதாரணக் கொடுமை கண்ணில் படுவதில்லை. (ஊக்கமருந்து இருந்தது. அதை மறைத்து வெள்ளையடிப்பதும் தவறுதான்.)

'இயந்திர மனிதர்கள்' என்ற வர்ணனையையும் விட்டுவிடுங்கள். சோவியத் ஹாக்கிக்கு உருவம் கொடுத்த அனதோலி தராசோவ், பாலே நடனத்திலிருந்தும் சதுரங்கத்திலிருந்தும் யோசனைகள் எடுத்தவர். பந்தயத்தில் ஐந்து பேரும் ஓயாமல் இடம் மாறிப் பாஸ் கொடுக்கும் ஆட்டம் அது.

1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவும் சோவியத்தும் மோதிய ஹாக்கி ஆட்டத்தை இறுதிப் போட்டி என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிப்ரவரி 22இல் சோவியத் அணியை 4-3 என வென்ற அமெரிக்கா, இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் தோற்கடித்த பிறகே தங்கம் வாங்கியது. சோவியத் தோற்ற அந்த ஆட்டத்தில், முதல் பகுதி முடிந்ததும் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் த்ரெத்யாக்கை டிகோனோவ் வெளியே உட்கார வைத்தார். அந்த பெஞ்சில் அப்போது என்ன ஓடியிருக்கும்? எனக்கு அந்தப் படம்தான் வேண்டும்.

'ராக்கி 4' கிளைமாக்ஸில் மாஸ்கோ கூட்டம் மெல்ல மெல்ல அமெரிக்கன் ராக்கி பக்கம் சாய்கிறது, ஏதோ அதிசயம்போல. 1958இலேயே மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் அமெரிக்கரான ரேஃபர் ஜான்சன், சோவியத் வீரர் குஸ்னெத்சோவைத் தோற்கடித்து டெகாத்லானில் (பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்த பந்தயம்) உலக சாதனை படைத்தார். உள்ளூர் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். படத்தின் முடிவில் ராக்கி செய்வதுபோல யாரும் மைக் பிடித்து உரையாற்ற வேண்டியிருக்கவில்லை. மாஸ்கோ கூட்டத்துக்குக் கோபம் வந்தால்தான் விசில் அடிக்கும்; நம் தியேட்டர் விசிலுக்கு நேரெதிர்.

படத்தில் சண்டை நடப்பது டிசம்பர் 25. மாஸ்கோவுக்கு அது சாதாரண வேலை நாள். அலங்கார மரம், பரிசு, குடும்ப விருந்து எல்லாம் புத்தாண்டுக்குத்தான்.

வசனம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: வரிக்கு வரி 'தோழரே' போடாதீர்கள். வீரர்கள் பயிற்சியாளரை அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துத்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். டிகோனோவ் என்றால் 'விக்டர் வசீலியெவிச்'. அவரை அடியோடு வெறுத்தவர்களுக்கும் அப்படித்தான்.