வாத்தியார் ஒருத்தர் போதாது

வியாசர்பாடிப் பக்கம் ஒரு குத்துச்சண்டை கிளப்புக்குப் பதினோரு வருஷமாகச் செயலாளர் நான். புதுசாகக் கிளப் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வது: சந்தா நோட்டை வாத்தியார் கையில் கொடுக்காதீர்கள். அவர் வேலை ரிங்கில். எங்கள் வாத்தியாரே வசூலித்த காலத்தில், பணம் கட்டாத பையன் ஒருவன் அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுப் பயிற்சியையே விட்டுவிட்டான். இப்போது நோட்டு ஒரு பையனின் அம்மாவிடம். மீன் வியாபாரம் செய்கிறவர். கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது.

தலைவர் பதவிக்கு ஆள் தானாக வரும். கிடைக்காதது, தினமும் விடிகாலை ஐந்தரைக்குக் கதவு திறக்கிற ஆள்தான். இரண்டு பேரைப் பிடித்து வையுங்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வரும்.

மணி அடிக்க சீனியர் பையன்கள் போதும்: 3 நிமிஷம் ஆட்டம், 1 நிமிஷம் ஓய்வு. சின்னவர்களுக்குக் கைத்துணி சுற்றிவிடுவதும் அவர்களே. சுற்றியதும் முஷ்டியை மூடித் திறக்கச் சொல்லுங்கள். விரல் நுனி வெளுத்தால் இறுக்கம். அவிழ்த்துத் திரும்பச் சுற்றணும்.

தலையில் அடிபட்டவர்களுக்கென்று தனி நோட்டு வேண்டும். தேதி, பெயர், என்ன ஆச்சு. நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் (ஜோடியாகப் பயிற்சிச் சண்டை) கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கிளவுஸும் கிடையாது. போட்டி நெருங்கும்போது வாத்தியாரே கெஞ்சுவார். அப்போதும் 'முடியாது' என்கிற ஆளிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். எங்களுக்கு ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அக்கா. எல்லாருக்கும் அவர் மேல் கோபம்தான்.