20 கேட்டேன், 3 வந்தது

புதிதாக ஒரு புகார் வந்தால், அதே மாதிரியான பழைய புகார்களை எடுத்துக் காட்டும் தேடல் அது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், ஒத்தவற்றைத் தேட உதவும் பிஜிவெக்டர் என்ற எக்ஸ்டென்ஷனை நிறுவி, தேடலை வேகமாக்கும் ஹெச்.என்.எஸ்.டபிள்யூ இண்டெக்ஸும் போட்டேன். வேகம் அருமை. ஆனால் ‘தீர்ந்தவை மட்டும்’ என்று வடிகட்டி 20 கேட்டால், 3 தான் வந்தது. இண்டெக்ஸை எடுத்துவிட்டால் 20-ம் வருகிறது, மெதுவாக.

தேடல் உள்ளே எப்படி நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கட்டளையை ஓட்டினேன். வடிகட்டலில் கழிந்த வரிசைகள் 37 என்று காட்டியது. 37-ம் 3-ம் 40! ஈஎஃப் சர்ச் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பும் 40 தான். அதாவது, இண்டெக்ஸ் முதலில் நெருக்கமான 40 வரிசைகளைக் கொடுக்கிறது. ‘தீர்ந்தவை’ என்ற நிபந்தனை அதற்கு அப்புறம்தான் பார்க்கப்படுகிறது. டேபிளில் எத்தனை இருந்தாலும் பயனில்லை.

சரி, அந்த எண்ணை 200 ஆக்கினேன். ஓரளவு சரியானது. ஆனால் அரிதான பிரிவுகளில் மறுபடியும் குறைந்தது. முழுத் தீர்வு பிஜிவெக்டரின் 0.8.0 பதிப்பில் கிடைத்தது: இட்டரேட்டிவ் ஸ்கேன். போதுமான வரிசைகள் சேரும்வரை இண்டெக்ஸில் தொடர்ந்து தேடும். 20,000 வரிசை வாக்கில் நிறுத்திக்கொள்ளும், அந்த வரம்பையும் மாற்றலாம். இயல்பாக இது அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். பேக்கேஜைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, டேட்டாபேஸுக்குள்ளும் எக்ஸ்டென்ஷனை அப்டேட் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு அரை நாள் அலைந்தேன்.

இப்போது 20 கேட்டால் 20 வருகிறது.